வில்யாமி வீட்டுப் புகைத்தகடு

காவல் நிலையத்துக்குள் நுழைந்த சைமி, தோளில் கிடந்த பனியைக்கூடத் தட்டவில்லை. அவளுடைய அப்பா வில்யாமி அன்று காலை கரியடுப்பின் விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தார். அடுப்பில் கங்கு அணையும் முன்பே புகைபோக்கியின் இரும்புத் தகட்டை யாரோ மூடியிருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர் எழுந்துபோய் மூடியிருக்க முடியாது.

முந்தின நாள் மூன்று மணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு, மருந்து வாங்க நகரத்துக்குப் போயிருந்தாள் சைமி. பனிப்புயலில் திரும்பி வரப் பஸ் ஓடவில்லை. இரவு அங்கேயே தங்கிவிட்டாள். கிளம்பும் அவசரத்தில், சூடு வெளியே போகாதிருக்க அவளே மூடிவிட்டாள் என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது.

"திறந்துதான் வச்சிருந்தேன் மேடம். இப்ப அப்பனைக் கொன்னவங்கிறாங்க. ஜெயில்னு பேசிக்கிறாங்க."

இன்ஸ்பெக்டர் ஹில்கா கோட்டை மாட்டிக்கொண்டாள். கான்ஸ்டபிள் ரெய்னோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அளவு நாடா எடுத்துக்கொண்டான்; எதை அளப்பது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் யல்மாரி காத்திருந்தார். ஊர்ப் பாதுகாப்புக் குழுத் தலைவர். கையில் குழுவின் பட்டை. தகட்டை எப்போது மூடுவது என்று பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் உரை நிகழ்த்துபவர். உரை ஒன்றரை மணி நேரம். ஜனங்கள் வருவது கடைசியில் தரும் பன்னுக்காக. காலை எட்டு மணிக்கு நலம் விசாரிக்க வந்து உடலைப் பார்த்ததாகவும், குழுவின் நான்காம் விதிப்படி எதையும் தொடவில்லை என்றும், இந்த வாரத்தில் இன்றுதான் இந்தப் பக்கமே வந்ததாகவும் சொன்னார்.

ரெய்னோ அறையை அளந்தான். வெள்ளைச் சுவர், அடுப்புக்கு மேலேகூடக் கறை இல்லை. கட்டிலருகே ஒரு காபி ஃப்ளாஸ்க், குடித்த இரண்டு கோப்பைகள். அப்பாவுக்கு ஒன்றுதான் வைத்துப் போனதாகச் சைமி சொன்னாள்.

வெளியே, விறகுக் கொட்டகைப் பக்கம் யாரும் மிதிக்காத பனி முழங்காலளவு கிடந்தது. அதன் நடுவே டிராக்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அதில் மட்டும் ஒரு சாண்தான்.

"நேத்து பனி எத்தனை மணிக்கு, ரெய்னோ?"

"மத்தியானம் பிடிச்சது, ஒன்பதுக்கு விட்டுச்சு மேடம்."

ஹில்கா எல்லோரையும் அடுப்பருகே உட்காரச் சொன்னாள்.

"சைமி கிளம்பும்போது அடுப்பு திகுதிகுன்னு எரிஞ்சிருக்கும். அப்ப மூடியிருந்தா புகை திரும்பி அறைக்குள்ளதான் வந்திருக்கும், சுவரெல்லாம் கறுத்திருக்கும். சுவரைப் பாருங்க. கொழுந்து அடங்கி வெறும் கங்கு ஆனப்புறம்தான் மூடியிருக்காங்க. கங்கு விடுற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, கறையும் வைக்காது. ஆறு மணி வாக்குல. அப்ப சைமி நகரத்துல இருக்கா."

அதே ஆறு மணிக்கு யாரோ முற்றத்துப் பனியைத் தள்ளியிருக்கிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது மணி வரை விழுந்ததுதான் பட்டையில் கிடக்கும் அந்த ஒரு சாண். ஊரில் டிராக்டர் ஒன்றுதான், யல்மாரியுடையது. ரெய்னோவின் பார்வை யல்மாரியின் மேல் போய் நின்றது.

"சரி, வந்தேன்," என்றார் யல்மாரி. "தள்ளிட்டு அப்படியே போயிட்டேன். உள்ள வரல."

"பனி தள்ளின வீட்டுல காபி குடிக்காம நீங்க என்னைக்குத் தலைவரே போயிருக்கீங்க?" என்றாள் ஹில்கா.

அந்த வட்டாரத்தில் அப்படிப் போகிற ஆள் கிடையாது. போக விடுகிற வீடும் கிடையாது. யல்மாரி இரண்டாவது கோப்பையைப் பார்த்தார். கைப்பட்டையைக் கழற்றி மடித்தார்.

"குளிருதுன்னாரு. எட்டிப் பார்த்தேன், இன்னும் மூடக்கூடாதுன்னு காட்டுற நீலக் கொழுந்து ஒண்ணும் தெரியல, மூடிட்டேன். சாம்பலுக்கு அடியில கட்டை கனிஞ்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாதும்மா." காலையில் கதவைத் திறந்ததுமே புரிந்துவிட்டதாம். சொல்லலாம் என்று நினைப்பதற்குள் ஊர் கூடி, என்ன நடந்திருக்கும் என்று அவரிடமே விளக்கம் கேட்டது. கேட்டால் சொல்லித்தானே பழக்கம்; சைமி அவசரத்தில் மூடியிருப்பாள் என்று சொல்லிவிட்டாராம்.

ரெய்னோ நாடாவைச் சுருட்டினான். இனி சைமியை யாரும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. அவன் எதிர்பார்த்த நிம்மதி அவள் முகத்தில் வரவில்லை.

"நான் மூடப் போனா அப்பா விடவே மாட்டாரு," என்றாள் யல்மாரியிடம். "இன்னும் அரை மணி போகட்டும்பாரு, சண்டை போடுவாரு. நீங்களே மூடினதால நம்பி, பேசாம தூங்கியிருக்காரு."