ஜெசிந்தா டீச்சரின் தவறு வகுப்பு

“சரியா எழுதி வச்சிருக்கியே, உனக்கு வெக்கமா இல்லியாலே?”

ஜெசிந்தா டீச்சர் எழுதுபலகையைத் தூக்கிப் பிரின்சனின் மூக்குக்கு நேரே காட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாயில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

“மறந்துட்டேன் டீச்சர். கணக்கு ஈசியா இருந்துச்சு.”

“ஈசியா இருந்தா உடனே போட்டுருவியா? அங்கதாம்லே சூதானமா இருக்கணும். கழித்தல் குறிய முழுங்கு. இல்லாட்டி புள்ளிய ஓரிடம் தள்ளி வை. தெரியாத பிள்ள எப்படித் தப்புப் பண்ணுமோ அப்படிப் பண்ணணும். கண்ட மேனிக்குக் கிறுக்கினா தேர்வுப்பொறி கண்டுபிடிச்சிரும்.”

புதுத்துறை அடுக்ககத்தில் சாயங்காலமானால் இந்தச் சத்தம்தான். கடல் ஏறி வந்து தூத்துக்குடிக் கரையை விழுங்கியபோது, அங்கிருந்த ஜனத்தை வாரிக்கொண்டுவந்து கரிசல் காட்டு நடுவே மாடி மாடியாக அடுக்கிவிட்டார்கள். மீன்பிடிக்கப் பிறந்தவர்கள் இப்போது லிஃப்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

நிலம் போதவில்லை என்பதுதான் நாட்டின் ஒரே அரசியல். மிஞ்சிய தரையில் பாதி சோற்றுக்கு, பாதி சூரியத் தகடுகளுக்கு. அதனால் நிலாவில் குடியிருப்பு கட்ட ஆரம்பித்தார்கள். கல்விக்கென்று ஒதுக்கிய பணம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிற்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் முன்னால் நிற்கும் பிள்ளைகள் ஏற்றப் பள்ளிக்கும், அங்கிருந்து நிலாவுக்கும் போயாக வேண்டும். கடைசியில் நிற்பவர்களுக்குப் படிப்பு அத்தோடு சரி, தகடு துடைக்கப் போகவேண்டியதுதான். நடுவில் நிற்கிற பிள்ளை மட்டும் அப்பா அம்மாவோடு இருந்தபடியே மேற்கொண்டு படிக்கலாம்.

நிலாவுக்குப் போன பிள்ளை திரும்பி வருவதில்லை. யாரும் தடுப்பதில்லை. அங்கே வளர்ந்த எலும்பு இங்கே நிற்காது, அவ்வளவுதான். திரையில் பேசலாம், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லலாம். கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுக்க முடியாது.

முன்பு பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு அரை ஏக்கர் ‘ஏற்ற நிலம்’ கிடைத்தது. மண்ணில் கால் வைக்க ஏங்கிய எத்தனையோ பேர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஜெசிந்தா அவர்களைக் குறை சொன்னதில்லை. அனுப்ப மனசில்லாதவர்கள்தான் அவளிடம் வந்தார்கள். அவள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட மேலே போனதில்லை, ஒரு பிள்ளைகூடத் தகடு துடைக்கவும் போனதில்லை. பிடிபட்டால் ஜெயில்தான். ஆனாலும் அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

போன தேர்தலில் ஆட்சி மாறியது. கொடுக்க இனி நிலமே இல்லை என்று புது அரசு கையை விரித்துவிட்டது. அறிவிப்பு வந்த மறுநாளே ஜெசிந்தாவின் வாசலில் செருப்புகள் குவிந்தன. “நிலமும் கெடையாது, பிள்ளயும் கெடையாதுன்னா என்ன நியாயம் டீச்சர்?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பக்கத்து அடுக்ககங்களிலிருந்தும் வந்தார்கள். மதுரையிலும் திருச்சியிலும்கூடத் தவறு வகுப்புகள் முளைத்துவிட்டதாகப் பேச்சு. வந்த பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவள் திருப்பி அனுப்பவில்லை.

“கல்வி அமைச்சர் யாருன்னு கேட்டா இனிமே ஒம்பேரதான் சொல்லணும்” என்று கேலி செய்தான் அவள் கணவன் அமலன்.

மகள் மெர்லினும் அந்த வருஷம்தான் தேர்வு எழுதினாள். அந்தப் பாயிலேயே தவழ்ந்து வளர்ந்தவள். மற்ற பிள்ளைகள் யோசித்து யோசித்துத் தப்புப் பண்ணுவார்கள். இவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. சரியான விடை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை கூசாமல் வேறொன்றை எழுதிவிடும்.

ஆனால் தாய் மனசு இருக்கிறதே, அது சும்மா கிடக்குமா? நடுவில் நிற்பவர்களிலும் கொஞ்சம் முன்னால் நின்றால்தான் மருத்துவம் படிக்கலாம். தேர்வுக்கு முந்தின நாள் ஜெசிந்தா மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் காதில் சொன்னாள்.

“மத்த பிள்ளைகளுக்குச் சொன்னத விட நீ ஒண்ணு ரெண்டு கூடச் சரியாப் போட்டுக்கோட்டி. பயப்படாத. போன வருசம் நிலாவுக்கு எடுத்த கோட்டுக்கு ஒம் மார்க் எவ்வளவோ கீழதான் நிக்கும்.”

“நெசமாவாம்மா? சரியாவே போடவா?” மெர்லின் முகம் அப்படி மலர்ந்ததை ஜெசிந்தா அதுவரை பார்த்ததில்லை.

முடிவு வந்த அன்று பிரின்சனின் அம்மா லியோன்சியா ஒரு தூக்குச்சட்டி மீன் குழம்போடு வந்து, டீச்சரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எம்பிள்ள எங்கூடவே இருக்கப் போறான் டீச்சர். நீங்க நல்லாருக்கணும்!” பிரின்சன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவர்கள் இருக்கும்போதே அமலன் கைத்திரையைப் பிடித்தபடி உள்ளே வந்தான். அதை மனைவியிடம் நீட்டினான். ஏற்றப் பள்ளிக்குத் தேர்வானவர்களின் பெயர்களில் மெர்லினின் பெயரும் இருந்தது.

விண்ணேற்றத் துறை அதிகாரி அன்று மதியமே வந்துவிட்டாள். மிருதுளா என்று பெயர், சின்னப் பெண். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“மேடம், பொறியில ஏதும் கோளாறு இருக்கும். இவ வாங்குன மார்க்குக்கு…” ஜெசிந்தா கைத்திரையை அவள் முன்னால் நீட்டினாள்.

“கம்மி மார்க்தாம்மா. போன வருஷமா இருந்தா கூப்பிட்டிருக்கவே மாட்டோம். ஆனா கோடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நிலாவுக்குப் போற கலத்துல எத்தனை இருக்கைன்னு முதல்லயே முடிவாயிடுது. முதல் மார்க்ல இருந்து எண்ணிக்கிட்டே வருவோம். இருக்கை தீர்ந்த இடத்துல நிறுத்திடுவோம். அதைத்தான் ஜனங்க கோடுன்னு சொல்றாங்க. இந்த வருஷம் என்னவோ தெரியல, நாடு பூரா எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணா இறங்கிட்டாங்க. அதுல உங்க பொண்ணு மேல வந்துட்டா.”

ஜெசிந்தா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐயோ, இது ஒரு கணக்கா? இதைக்கூடப் போட்டுப் பார்க்காமல் என்ன டீச்சர் நான்? வந்த பிள்ளைகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, தன் பிள்ளையை மட்டும் ஒரு படி மேலே நிறுத்தி வைத்தவள் அவளேதான்.

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

சொல்லலாம். எல்லாப் பிள்ளைகளும் வேண்டுமென்றே தப்பாக எழுதினார்கள், சொல்லிக் கொடுத்தவள் நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுதேர்வு வைப்பார்கள். அவள் ஜெயிலுக்குப் போவாள், போகட்டும். ஆனால் இருக்கைகளின் எண்ணிக்கை குறையாது. மெர்லின் இறங்கினால் அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை ஏறியாக வேண்டும். இன்னும் கிளம்பாமல் நின்ற லியோன்சியா சுவரோரமாக மகனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு வாய் எப்படித் திறக்கும்?

“ஒண்ணுமில்ல மேடம்” என்றாள் ஜெசிந்தா.

மிருதுளா எழுந்தாள். “கிளம்புறவரைக்கும் கணக்குல மட்டும் கொஞ்சம் பழக்குங்க. நிலாவுல காத்து விடுற பொறி நின்னு போச்சுன்னா எவ்வளவு காத்து திறந்துவிடணும்னு பிள்ளைகதான் கணக்குப் போடணும். அங்க தப்பாயிட்டா திருத்துறதுக்கு நேரம் இருக்காது. டீச்சர் வீட்டுப் பொண்ணு, பார்த்துக்குவா.”

எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பாயில் உட்கார வைத்தாள். ஓர் அறை, அதில் இத்தனை பேர், இத்தனை மணி நேரம், எவ்வளவு காற்று என்று ஒரு கணக்கைக் கொடுத்தாள். மெர்லின் ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு மடமடவென்று எழுதிப் பலகையை நீட்டினாள். வழியெல்லாம் சரி. விடையில் புள்ளி மட்டும் ஓரிடம் தள்ளிக் கிடந்தது.

“இப்ப தப்பு வேண்டாம்ட்டி, சரியாப் போடு.”

“சரியாத்தான போட்டேன்?” மெர்லின் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளிறியது. “ஐயோ, இல்ல. இருங்க.”

மறுபடி போட்டாள். மறுபடியும் புள்ளி தள்ளிப் போயிருந்தது. மூன்றாவது முறை எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“விடை எனக்குத் தெரியும்மா. மனசுல சரியாத்தான் வருது. எழுதும்போதுதான் மாறிப்போவுது.”

ஜெசிந்தா மகளின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். “நான் பிடிச்சிருக்கேன். இப்ப எழுது.”

மெர்லின் எழுதினாள். எண்கள் வரிசையாக, அழகாக வந்தன. புள்ளி வைக்க வேண்டிய இடம் வந்ததும், அவள் கை தாயின் பிடிக்குள்ளேயே பக்கவாட்டில் இழுத்தது.