காலித் தராசில் எட்டு கிலோ

இலை அதிகம் வரும் பருவம் தொடங்கியதும் குன்னூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியின் மூன்றாவது மாடியைத் திறந்தார்கள். பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த மாடி. கீழ்த்தளங்களில் பச்சை இலை கொட்ட இடமில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மரப்படியில் ஏறினாள் சசிகலா. இலை வாட்டும் பிரிவு அவள் பொறுப்பு.

மேலே நீளமான கூடம். பலகைத் தரை. இரண்டு பக்கமும் கம்பி வலை பரப்பிய தொட்டிகள். மதியம் பன்னிரண்டுக்கே மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. மூலையில், இலை மூட்டை நிறுக்கும் பழைய மேடைத் தராசு. வட்ட முகத்தில் ஒற்றை முள்.

கூடம் முழுக்க நறுக்கிய ஆப்பிள் போல ஒரு வாசனை. பச்சை இலை நன்றாக வாடும்போது வரும் வாசனை அது.

அங்கே ஓர் இலைகூட இல்லை.

"ஏனுங்கண்ணா, பூட்டிக் கெடந்த எடத்துல இலை வாசம் அடிக்குது?" என்று கீழே குரல் கொடுத்தாள்.

"பலகை குடிச்ச வாசம், போகாது" என்றார் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஜஸ்டஸ். "பாத்து நட சசி. பலகைக்கு வயசாச்சு, உன்னையத் தாங்கணும்ல!"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த எடைதான் இப்போது அவளுக்கு எல்லாம்.

தம்பி தினகரனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. அவளுடையது அவனுக்குப் பொருந்தியது. ஆனால் எண்பத்து நாலு கிலோவில் அறுவை சிகிச்சை ஆபத்து, எழுபத்தாறுக்கு வா என்று கோயம்புத்தூர் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நர்ஸ் கெஸியா விவரமாக எழுதிக் கொடுத்திருந்தாள். வாரத்துக்கு அரை கிலோ. ராத்திரிச் சோற்றில் பாதி. தட்டில் பாதிக்குக் காய். டீயில் சர்க்கரை வேண்டாம். தினம் முக்கால் மணி நேரம் நடை. "பட்டினி மட்டும் கெடக்காதீங்கக்கா. நாலு மாசம், அவ்வளவுதான்."

"மெதுவா வாக்கா" என்றான் தினகரன், வீங்கிய முகத்தோடு. "டயாலிசிஸ் மெஷினுக்கு என்னைய ரொம்பப் புடிச்சுப் போச்சு. அனுப்ப மாட்டேங்குது."

அந்த வீக்கம்தான் அவளைப் பயமுறுத்தியது. நாலு மாதம் அவன் தாங்குவானா? பன்னிரண்டே நாளில் எட்டு கிலோ என்று போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. அன்றிலிருந்து எலுமிச்சை பிழிந்த வெந்நீர், இரண்டு பிஸ்கட், வேறு ஒன்றும் இல்லை.

தராசில் ஏறி நின்றாள். எண்பத்து நாலு. இறங்கியதும் முள் பூஜ்யத்துக்கு வந்தது.

தொட்டிக்கு அடியில் ஓடும் மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள்.

மூன்றாம் நாள் எண்பத்தொன்று. போன மூன்று கிலோ பெரும்பாலும் தண்ணீர்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் தொழிலே அது. நூறு கிலோ பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை அவசரமில்லாமல் எடுக்க வேண்டும். வலைக்கு அடியிலிருந்து காற்றை மெல்ல விட்டால், காம்பு தன் ஈரத்தை இலைக்குக் கொடுக்கும், இலை காற்றுக்குக் கொடுக்கும். பதினாலு மணி நேரம் கழித்து ஒரு கை அள்ளிப் பிடித்தால் பந்தாக நிற்கும், பிறகு மெல்ல விரியும். அவசரப்பட்டுச் சூட்டுக் காற்றை விட்டால் ஓரம் மட்டும் நொறுங்கக் காய்ந்துவிடும். காம்பு உள்ளே பச்சையாகவே இருக்கும். எடை குறைந்திருக்கும், இலை வாடியிருக்காது.

இலைக்கு அதை ஒருநாளும் செய்யாதவள் தன் உடம்புக்குச் செய்தாள்.

ஆறாம் நாள் எழுபத்தொன்பது. சந்தோஷமாக இறங்கினாள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

ஐந்தில் நின்றது.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். இருபது கிலோ எடைக்கல்லை உருட்டிக்கொண்டுவந்து ஏற்றினாள். இருபத்தைந்து காட்டியது. கல்லை இறக்கினாள். ஐந்து. அப்படியானால் அவள் ஏறியபோது எண்பத்து நாலு காட்டியிருக்க வேண்டும். காட்டியது எழுபத்தொன்பது. ஆக, தராசு பழுதில்லை. அவள் ஏறினால் அந்த ஐந்து கிலோ இறங்கிக்கொள்கிறது.

ஐந்து கிலோ கனமுள்ள ஏதோ ஒன்று இப்போது மேடையில் நிற்கிறது.

பலகை முனகியது. ஓரடி. இன்னோரடி. அவள் பிடரியில் ஆப்பிள் வாசனை.

"இன்னும் வாடணும்."

கீழே ஓடிவந்தவளைப் பார்த்ததும் ஜஸ்டஸ் சாம்பிள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேல யாருண்ணா இருந்தாங்க?"

அவர் மரப்படியை அண்ணாந்து பார்த்தார்.

"மாடியப் பூட்டுறதுக்கு முந்தி மருதாயின்னு ஒருத்தி தொட்டியில இலை பரத்துனா. கட்டுனவன் ஊரே கேக்க குண்டச்சி, குண்டச்சின்னு கூப்பிடுவான். ஒரு மாசம் வெறும் தண்ணி குடிச்சா. நாங்களும் எளைச்சுட்டியே புள்ளேன்னு பாராட்டுனோம், கேட்டுக்க. ஒரு மத்தியானம் மேல போனவ வரல. போய்ப் பாத்தா தொட்டியில சேலை மட்டும் நீளமாக் கெடக்குது."

"ஆளு?"

"நான் பாத்தது சேலையத்தான் சசி."

அன்றே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் தினகரனுக்கு நெஞ்சில் நீர் கோத்து இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் பிஸ்கட்டையும் விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மருத்துவமனைத் தராசு எழுபத்தாறு காட்டியது. கெஸியா சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினாள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? உடம்புல தண்ணியே இல்ல. குடுக்க வேண்டிய கிட்னியே அடி வாங்கியிருக்கு. இதை எடுத்தா தம்பியும் பொழைக்க மாட்டாரு, நீங்களும் எந்திரிக்க மாட்டீங்க."

"எடை குறைஞ்சிருச்சே."

"குறைஞ்சது கொழுப்பில்ல. தண்ணியும் சதையும். கொழுப்பு மெதுவாத்தான் கரையும். கரைஞ்சா பெரும்பகுதி மூச்சு வழியாப் போயிரும். அவசரப்பட்டா அது எங்கயும் போகாது."

தன் எட்டு கிலோ எங்கே போனது என்று சசிகலாவுக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மாடி ஏறினாள். காலித் தராசு எட்டு காட்டியது. தொட்டியில் பரப்பியிருந்த இலை நடுவில் அமுங்கியிருந்தது. தலை, தோள், இடுப்பு. ஒரு பெண் மல்லாந்து படுத்த பள்ளம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் நிமிர்ந்தது.

ஓடவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ராகிக் களி, கீரை. ஒரு வாய் தின்றாள். ஒரு கவளத்தை உருட்டி இலை மேல் வைத்தாள்.

"நீயும் தின்னு மருதாயி. யாரும் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மீதியைத் தின்று முடித்தாள். திரும்பிப் பார்த்தபோது கவளம் காய்ந்து சுருங்கிக் கிடந்தது, பல நாள் ஆனது போல. முள் எட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது.

தினம் மேலே வந்து சாப்பிட்டாள். இழந்ததில் ஆறு கிலோ ஒரு மாதத்தில் அவளிடம் திரும்பியது. முள் இரண்டுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. பருவம் முடிந்து மாடியைப் பூட்டினார்கள்.

பிறகுதான் கெஸியாவின் தாளை எடுத்தாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைச் சரிவில் நடந்தாள். சில வாரம் முன்னூறு கிராம்தான் குறைந்தது. ஒரு வாரம் கூடிக்கூடப் போனது. ஏற்றத்தில் மூச்சு வெண்புகையாகப் பனியில் கலந்தபோது, இதுதான் சரியான இடத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் சேர்ந்து நாலரை மாதம் ஆனது. கெஸியா முதலில் சொன்னது நாலு.

அதற்குள் தினகரனின் இதயமும் தளர்ந்திருந்தது. இன்னொரு தடவை தள்ளிப்போட முடியாது என்றார் மருத்துவர். கடைசிப் பரிசோதனை அன்று ரத்தம் சுத்தமாக வந்தது. எடை மட்டும் பாக்கி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

75.6.

கெஸியா பேனாவைத் திறந்தாள். எண்கள் அசைந்தன.

77.6.

ஆப்பிள் வாசனை.

சசிகலா உதடு அசையாமல் சொன்னாள்: "எறங்கு மருதாயி. என் தம்பி உசுரு இது. பஸ்ஸுல சோறு தர்றேன்."

75.6.

"இந்த மெஷின் இப்படித்தான் ஆடும்" என்று கெஸியா எழுதிக்கொண்டாள். "வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்கக்கா."

திரும்பும் பஸ் பர்லியாறு தாண்டியபோது ஜன்னலில் பனி ஏறியது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் லேசாக அமுங்கியிருந்தது. சொன்னபடி டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து நகர்த்தினாள்.

முன் இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர் பாட்டில்.

"நாலு நாளா வெறும் தண்ணிதான்டி. மூணு கிலோ போச்சு தெரியுமா!"

சசிகலாவின் பக்கத்து மெத்தை மெல்ல நிமிர்ந்தது. மூடியில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. ஆப்பிள் வாசனை அவளைக் கடந்து முன்னால் போனது.

அவள் அவசரமாக எழுந்து டப்பாவை நீட்டினாள். "கண்ணு, ஒரு வாய் தின்னும்மா. கேள்வி கேக்காத, தின்னு."

"ஐயோ, வேண்டாங்க்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "டயட்ல இருக்கேன்."

அந்தப் பெண்ணின் பக்கத்துக் காலி இருக்கை மெல்ல அமுங்கியது. சசிகலாவின் இரண்டோடு இந்த மூன்றும் சேர்ந்து ஐந்து கிலோ இருக்கும்.