ஒன்பது பெட்டிகளில் ஒரு வண்டி

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டும்போது கைராசிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு கையில் கருவிப் பை, சட்டையில் கலையாத இஸ்திரி மடிப்பு. அவன் தொட்டால் எந்த வண்டியும் கிளம்பிவிடும் என்பதால் அந்த மெக்கானிக்குக்குக் கிடைத்த பட்டப்பெயர்தான் கைராசி. கதவைத் திறந்தது டீச்சரின் நாத்தனார்.

"வேலை பார்க்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றாள், மடிப்பைப் பார்த்து.

டீச்சர் அவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சம்மதித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவரைக் கொன்ற அந்தப் பழைய இங்கிலாந்து மோட்டார்சைக்கிள், பாகம் பாகமாக ஒன்பது பெட்டிகளில் பின்பக்க ஷெட்டில் கிடந்தது. அது மறுபடி எழுந்து நிற்க வேண்டும்.

"அவர் ஆசையாப் பார்த்துக்கிட்ட வண்டியைப் பெட்டியில போட்டு மூடிட்டு நான் உங்க கூட வர முடியாது. அது ஓடட்டும். மறுநாளே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடலாம்."

அந்தப் பெட்டிகளை அடைத்தவனே கைராசிதான். பார்க்கவே மனசு தாங்கவில்லை என்று சொல்லி, நொறுங்கிய வண்டியை ஒரே பகலில் பிரித்துப் போட்டான். சிநேகிதன் போன துக்கம் என்று எல்லோரும் நம்பினார்கள். பழைய வண்டி, நட்டு கழன்றுவிட்டது என்று அவன் சொன்னதையும் நம்பினார்கள்.

அந்த நட்டை மாட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளின் மரை, அதாவது நட்டு ஏறும் திருகு வரி, தனி அளவு. இப்போதைய நட்டில் ஒன்றைப் பொறுக்கி அதில் திருகினால் இரண்டு சுற்று ஏறும், இறுகியதுபோலவே பிடித்துக்கொள்ளும். சாலையில் கொஞ்ச தூரம் அதிர்ந்தால் போதும். முன்சக்கர அச்சில் அப்படி ஒன்றை மாட்டி, "ஜம்முனு போகும் மச்சான்" என்று முதுகில் தட்டி அனுப்பியவன் அவன். டீச்சர் மேல் வைத்த ஆசை அவன் கண்ணை அவ்வளவு மறைத்திருந்தது.

ஷெட்டில் தூசியும் துருவும் நாறும் என்று நினைத்து வந்தான். கதவைத் திறந்ததும் கைக்கடிகாரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெய் வாசனை வந்தது. டீச்சரின் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

முதல் பெட்டியைத் திறந்தான். அவன் அள்ளிக் கொட்டிய பாகங்கள் ஒவ்வொன்றும் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, எதை முதலில் மாட்ட வேண்டுமோ அது மேலே இருக்கும்படி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்பது பெட்டியும் அப்படியே. நாத்தனாரிடம் விசாரித்தான். மூன்று வருடமாக யாரும் ஷெட் பக்கமே போகவில்லை என்றாள்; பூட்டைத் திறக்கவே காலையில் சுத்தியல் தேவைப்பட்டதாம்.

கைராசி தனக்குத்தானே ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். சட்டகம் நின்றது, எஞ்சின் உட்கார்ந்தது. ஒரு வாரம் ஓடியது.

எஞ்சின் மூடியின் உட்புறத்தில்தான் முதல் கீறலைப் பார்த்தான். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள், வேலை முடிந்ததும் மூடிக்கு உள்பக்கம் ஊசியால் தங்கள் குறியையும் தேதியையும் கீறி வைப்பார்கள். வாட்ச்காரர் தன் வண்டியிலும் அப்படிச் செய்வதுண்டு. அவர் குறி அவனுக்குத் தெரியும்: ஒரு சின்னப் பிறை.

பிறைக்குக் கீழே நேற்றைய தேதி இருந்தது.

துணியால் அழுத்தித் தேய்த்தான். போகவில்லை. அடுத்து எடுத்த மூடியில் இன்றைய தேதி.

பிடரியில் 'ப்ஸ்' என்று சின்னதாகக் காற்று பட்டது. கடிகாரச் சக்கரத்தில் தூசி ஊத அவர் ஒரு ரப்பர் குமிழை அமுக்குவார். அதே காற்று.

திரும்பினான். நடுப்பகல் வெயில் ஷெட் முழுக்க விழுந்து கிடந்தது.

யாரும் இல்லை.

கடைசிப் பெட்டியில் முன்சக்கரம். அதன் கம்பிகள் வந்து சேரும் நடுக் குடத்தில் பிறையும் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் இருந்தன. டீச்சர் வண்டியை ஓட்டிப் பார்க்கக் குறித்த நாள் அதுதான்.

தேடி அலைந்து சரியான அளவு நட்டு ஒன்றை வாங்கிவந்து முழுசாகத் திருகினான். சாப்பிட்டுவிட்டு வந்து கழற்றிப் பார்த்தான், மறுபடி மாட்டினான். மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். சரியான நட்டுதான். ஆனால் கையை எடுத்ததும் சந்தேகம் வந்துவிடும்.

"அந்த ஒரு நட்டை மட்டும் ஏன் இத்தனை தடவை கழட்டறீங்க?" என்று டீச்சர் வாசலில் நின்று கேட்டாள்.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்ணிக்கை தப்பாது. அவன் சிரித்து மழுப்பினான்.

ஞாயிறு காலை, வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். கைதுடைக்கத் துணி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டிருந்தாள். கணவர் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஒரே உதை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாத்தனார் கைதட்டினாள்.

கைராசி முன்சக்கரத்தைப் பார்த்தான்.

நட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

தானாக, நிதானமாக, விநாடி முள்ளைப்போலத் துடித்துத் துடித்து.

கால் சுற்று.

அரைச் சுற்று.

டீச்சர் கியரைப் போட்டாள். அவன் ஓடிப்போய்க் கைப்பிடியை இறுக்கிக்கொண்டான்.

"இறங்குங்க. நட்டு நிக்காது."

"நீங்கதானே மாட்டினீங்க?"

"இரண்டு சுத்துதான் பிடிக்கும், டீச்சர். கொஞ்ச தூரத்துல கழண்டுடும். அவருக்கும் அப்படித்தான்..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

டீச்சர் எஞ்சினை நிறுத்தினாள். இறங்கினாள்.

"அவருக்கும் அப்படித்தான் என்ன?" டீச்சர் குரல் ரொம்ப மெல்லியதாக இருந்தது. "முழுசாச் சொல்லுங்க."

மண்ணில் உட்கார்ந்து அவன் முழுசாகச் சொன்னான். முடித்தபோது டீச்சர் அவன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, முன்சக்கர நட்டில் வைத்து, தன் பலம் அத்தனையும் கொடுத்துத் திருகினாள்.

அது அசையவில்லை. சரியான நட்டு, மரையின் கடைசி வரை ஏறி, கல்லாக இறுகியிருந்தது.

"நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க," என்றாள் டீச்சர். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரிடம், போலீசுக்கு போன் பண்ணச் சொன்னாள்.

ஜீப்பில் அவனைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு காவலர் பக்கத்தில் அமர்ந்தார். தெருமுனை தாண்டும்போது பின்னாலிருந்து கனத்த எஞ்சின் சத்தம் கேட்டது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார், வழிவிட ஓரம் ஒதுங்கினார். எதுவும் முந்திப் போகவில்லை. சாலை காலியாக இருந்தது.

ஜீப் வேகமெடுத்தால் சத்தமும் வேகமெடுத்தது. சிக்னலில் நின்றபோது அதுவும் நின்று, பொறுமையாக உறுமிக்கொண்டிருந்தது, கைராசி உட்கார்ந்திருந்த பக்கம், ஒரு கை தூரத்தில்.

காவலர் எட்டி வெளியே பார்த்துவிட்டு, அவனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உன் கூட யாருய்யா வர்றது?"