கருமுனையில் சமையல் நடக்கிறது

எரிகணி மூன்றாம் முறையாகச் சிவப்பு காட்டியது. வெப்ப மின்நிலையம் கட்ட வந்த பொறியாளர்கள் மூன்றாம் முறையாகத் தலைதெறிக்க ஓடினார்கள். எரிகணி அனுப்பிய ஆளில்லா மீட்புக் கலங்கள் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போயின. கருமுனைத் தீவுக்காரர்கள் கரையில் நின்று கையசைத்தார்கள்.

தணிகாசலம் மட்டும் கலத்தில் ஏறவில்லை. நிலத்தடி ஆவியின் அழுத்தத்தை அளந்து, எரிமலை வெடிக்குமுன்பே எச்சரிக்கும் எரிகணியை உருவாக்கியவர் அவர். சந்தேகத்தோடு மலைச்சரிவில் ஏறினார். குட்டு உடைந்தது.

அங்கே வீட்டுக்கொரு ஆவிக்கண். பாறைப் பிளவில் சீறும் ஆவியின்மேல் பானையை வைத்து, ஈரச்சாக்கால் இறுக்கி மூடி, கிழங்கு அவிப்பார்கள். மலைக்கு மூச்சு முட்டக்கூடாது என்று தெரு மாற்றித் தெரு சமைப்பதுதான் வழக்கம். பொறியாளர்கள் வந்தால் மட்டும் எல்லாத் தெருவும் ஒரே நேரத்தில் மூடி போட்டுவிடும்; அடியில் அழுத்தம் ஏறி எரிகணி சிவந்துவிடும்.

"கிழங்கு அவிச்சே அரசாங்கத்தை ஏமாத்துறீங்களா?"

பொதுச் சமையற்கூடத்தை நடத்தும் பிரகாசி இடுப்பில் கைவைத்தாள். "எங்க அடுப்பைப் பிடுங்க வந்தது நீங்க. தீவைக் காலி பண்ணச் சொன்னதும் நீங்க. ஒரு ஆளும் இங்கயிருந்து அசைய மாட்டான், போய்ச் சொல்லுங்க சார்."

தணிகாசலம் படித்தவர் அல்லவா, எரிகணிக்கு அன்றே புதுப்பாடம் ஏற்றினார்: கருமுனையில் அழுத்தம் ஏறினால் அது சமையல்.

மறுவாரம் பொறியாளர்கள் திரும்பி வந்தார்கள். எல்லாப் பானைக்கும் மூடி விழுந்தது. எரிகணி பச்சையிலேயே நின்றது. மூன்று நாள் வீம்புக்கு மூடியே வைத்திருந்தார்கள். பொறியாளர்கள் அசையாமல் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"திறங்கடி எல்லாத்தையும்!" என்று கத்தினாள் பிரகாசி.

திறந்தார்கள். தணிகாசலத்தின் கையிலிருந்த அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. ஏறியது. காலுக்கடியில் தரை சுட்டது.

"சார், இது நாங்க இல்ல" என்றாள்.

அவர் மீட்புக் கலங்களை அழைத்தார். கைப்பெட்டியில் எரிகணி இனிமையாகப் பேசியது. "கருமுனையில் சமையல் நடக்கிறது. கலங்கள் தேவையில்லை."

பிரகாசி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மீன்பிடி வள்ளங்களில் தீவுக்காரர்களும் பொறியாளர்களும் நெருக்கியடித்து ஏறினார்கள்.

"அசைய மாட்டேன்னீங்களே?"

"நீங்க சொன்னா அசைய மாட்டேன். மலை சொன்னா வேற பேச்சு. அது ஆறினதும் வந்து மறுபடி உலை வைப்பேன், பாத்துக்கிட்டே இருங்க. ஏறுங்க சார்!"

வள்ளங்கள் நடுக்கடலுக்கு வந்தபோது மலை வெடித்தது. எல்லோர் தலையிலும் சாம்பல் கொட்டியது. தணிகாசலத்தின் மடியில் இருந்த பெட்டி பச்சை விளக்குடன் அறிவித்தது:

"கருமுனையில் இன்று பெரிய விருந்து. அபாயம் இல்லை."