மஞ்சள் பஞ்சு

வெள்ளைத் துண்டுகளை மட்டும் போட்டு ஓட்டிய மெஷினில் மஞ்சள் பஞ்சு வந்திருந்தது.

துணி காயவைக்கும் மெஷினுக்கு ஒரு சல்லடை உண்டு. உள்ளே உருளும் துணிகளிலிருந்து உதிரும் நூலும் தூசியும் அதில் மெத்தையாகப் படியும். ஒவ்வொரு தடவையும் அதை உருவி எடுத்து வழித்துப் போட வேண்டும். சங்கரேஸ்வரியும் அப்படித்தான் உருவினாள். ஐந்தருவி லாட்ஜுத் துண்டுகள் அத்தனையும் பால்வெள்ளை. பஞ்சும் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? இருந்ததோ சாமந்திப்பூ மஞ்சள். யாராவது சாயத்துணியைக் கலந்துவிட்டார்களோ என்று துண்டுகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். ஒன்றிலும் மஞ்சள் இல்லை. பஞ்சைக் குப்பையில் போடக் கையை நீட்டியவள், ஏனோ போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குற்றாலத்துச் சாரலைப் புகழ்கிறவர்கள் புகழட்டும். ஈரத்துணியோடு மல்லுக்கட்டுகிறவளைக் கேட்டால் தெரியும் அதன் லட்சணம். ஆனி பிறந்துவிட்டால் லாட்ஜுகளில் கூட்டம் நெரியும். துண்டும் விரிப்பும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக மேலகரத்தில் இருக்கும் சங்கரேஸ்வரி வீட்டுக்கு வரும். துவைத்துவிடலாம். காய வைப்பதுதான் பெரும்பாடு. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். கொடியில் தொங்குவது நாளெல்லாம் தொங்கியும் சொதசொதவென்றே கிடக்கும், நனைந்த நாய் மாதிரி நாறும். அவள் புருஷன் முத்துகுமரன் மோட்டார் மெக்கானிக். தண்ணி மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அவன் கைக்கு அடங்கும். அவன்தான் தென்காசியில் ஷமீம் பானு வீட்டில் ஒரு பழைய மெஷின் கிடக்கிறது என்று துப்புக் கொண்டுவந்தான்.

ஷமீம் பானுவின் வீட்டுக்காரர் அரபு நாட்டுத் தம்மாமில் வேலை பார்த்து, ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் போட்டு அனுப்பியது. துவைக்க ஒன்று, காயவைக்க ஒன்று என்று இரண்டு. இரண்டும் இளம்பச்சை, இரண்டும் பீரோ கனம். அந்த ஊர்க் கரண்டு வேறு, நம்மூர்க் கரண்டு வேறு என்பதால் நாலைந்து தடவை ஓடியதோடு சரி. அப்புறம் அவர் மௌத்தாகிவிட்டார். மெஷின்கள் பூப்போட்ட துணி மூடிக்கொண்டு கூடத்தில் நின்றன. முத்துகுமரன் காயவைக்கும் மெஷின் மட்டும் போதும் என்றான். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டும் சேந்துதாம்மா வந்துச்சு," என்றாள் சங்கரேஸ்வரியைப் பார்த்து. "ஒண்ணு ஓடுனாத்தான் இன்னொண்ணுக்கு வேலை. பிரிச்சிராதிய."

இரண்டையுமே வாங்கிவந்து நடுவீட்டில் நிறுத்தினார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்க முடியுமா? கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் புளியறைப் பக்கம் பழைய சாமான் கடையில் பிடித்தான். காயவைக்கும் மெஷினில் அறுந்துபோன பெல்ட்டுக்குப் பதில் வேறொன்றை வெட்டி ஒட்டினான். கதவுக் கொக்கி இற்றுப்போயிருந்தது. அலமாரிக் கொக்கி ஒன்றை அடித்துப் பொருத்தினான். கடைசியில் தெர்மோஸ்டாட். சூடு அளவுக்கு மேல் போனால் கரண்டைத் தானே நிறுத்துகிற சாமான் அது. அது செத்திருந்தது. இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? நம்மூர் மெக்கானிக் எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான்.

"டைரக்ட்டா குடுத்துட்டேன்," என்றான் வயரை முறுக்கிக்கொண்டே. "இனி தானா நிக்காது. ஓடும்போது நீ பக்கத்துலயே இருக்கணும் பாத்துக்க."

பக்கத்திலேயே இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. சொல்லப்போனால், போன கார்த்திகைக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் இதமாகச் சுடும். உள்ளே துணி புரளும் சத்தம் யாரோ பாயில் புரண்டு படுப்பதுபோல இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தச் சத்தமாவது இருக்கிறதே என்று அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

போன கார்த்திகையில்தான் இசக்கிச்செல்வி போனாள். நாலாம் வகுப்பு. வந்தது காய்ச்சல்தான், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, மற்றதெல்லாம் எழுந்து ஓடின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உடம்பு அனலாகக் கொதிக்க, பிள்ளை பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கியது. "குளிருதும்மா. பொத்தி விடும்மா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியது. காய்ச்சலில் பொத்தக்கூடாது, ஈரத்துணி போட்டுத் துடைக்கணும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். சொன்னது சரிதான், எல்லோரும் அப்புறம் அதைத்தான் சொன்னார்கள். சங்கரேஸ்வரி போர்வையை உருவிவிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டது ஒரு போர்வை. அதைக் கொடுக்காத தாய் நான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு வெடிக்கும்.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. சிற்றாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். காரியம் முடிந்த அன்று, போனவர்கள் துணி வீட்டில் தங்கக்கூடாது என்று பிள்ளையின் துணிகளை ஆற்றில் விட்டார்கள். மஞ்சள் பட்டுப்பாவாடை, நீலக்கட்டம் போட்ட பள்ளிக்கூடச் சட்டை, சிவப்பு ஸ்வெட்டர். ஸ்வெட்டரை மட்டும் அவள் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களைப் பிரித்துத்தான் வாங்கினார்கள். அது தண்ணீரில் விரிந்து, கைகளை நீட்டிக்கொண்டு போனது.

மஞ்சள் பஞ்சுக்கு மறுநாள் நீலம் வந்தது. போட்டவை வெள்ளை விரிப்புகள்தான்.

அதற்கடுத்த ஓட்டத்தில் சிவப்பு. கம்பளிச் சிவப்பு, விரலில் கரகரத்தது.

சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். முத்துகுமரன் அதைத் திறந்து பார்த்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ரோலர் தேய்ந்திருக்கும், ரப்பர் உதிர்ந்திருக்கும் என்று என்னவோ முனகினான். அவனும் பெற்றவன்தானே, அவனுக்கா அந்தச் சிவப்பு தெரியாது? வாசலுக்குப் போய்ச் சாரலில் நின்றான். திரும்பி வந்தபோது முகத்தில் மழைத்தண்ணி எது, கண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை.

"சீசன் முடியட்டுட்டி," என்றான். "இத வித்துருவோம்."

"அவ குளிருதுன்னு வாரா," என்றாள் அவள். "நீங்க விப்பியளோ?"

அன்றிலிருந்து மெஷின் ஓடும்போது அவன் வீட்டுக்குள் இருப்பதில்லை.

பிறகு சல்லடையில் நிறம் வருவது நின்றது. முடி வந்தது. நீளமாக, மெல்லிசாக, நுனி மட்டும் செம்பட்டையாக.

அன்று மத்தியானமே வீடு இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணியும், டிரான்ஸ்பார்மர் வண்டு மாதிரி உறுமுகிற உறுமலும், ஈரச் சுண்ணாம்புச் சுவரின் பூஞ்சை வாடையும், காய்ந்துகொண்டிருக்கும் சோப்பு மணமும் ஒன்றாகக் கலந்து நடுவீட்டில் நின்றன. காய்ந்த மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முத்துகுமரன் ஐந்தருவிக்குப் போயிருந்தான். சங்கரேஸ்வரி கடைசி ஈடு விரிப்புகளை உள்ளே போட்டு, கொக்கியை மாட்டி, வழக்கம்போல முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

துணி புரண்டது. கூடவே இன்னொன்றும் புரண்டது. துணியைவிடக் கனமானது. ஒவ்வொரு சுற்றிலும் அவள் முதுகுத்தண்டுக்கு நேராக வந்து, குதிங்காலால் உதைப்பதுபோல, தொம் என்றது.

"குளிருதும்மா."

காதில் கேட்ட குரல் அல்ல. தகரம் வழியாக முதுகில் ஏறியது. அவள் எழுந்து கதவைத் திறந்தாள். விரிப்புகள் ஆவி பறக்கச் சூடாக இருந்தன. கையை நடுவில் விட்டுத் துழாவினாள். நடுவில் ஓர் இடம். அங்கே மட்டும் ஐஸ். சொட்டச் சொட்ட ஈரம். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை படுத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு.

பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று பொங்கி வந்தது. கட்டிலில் செய்யாததைச் செய்ய ஒரு வழி கிடைத்துவிட்டதே!

"இரு தாயி," என்றாள். "அம்மா இப்பப் பொத்தி விடுதேன்."

விரிப்புகளை அந்தக் குளிர்ந்த இடத்தைச் சுற்றி இதமாகச் செருகினாள். கதவைச் சாத்தினாள். சூட்டுத் திருகியைக் கடைசிவரை திருகினாள்.

தொம். தொம். பிறகு மெதுவாக. பிறகு சத்தமே இல்லை, துணி மட்டும் புரண்டது. கதவிடுக்கு வழியாகத் தேங்காயெண்ணெய் மணமும், பள்ளிக்கூடம் விட்டு வந்த தலையின் வியர்வை மணமும் வந்தன. செல்வியின் மணம். சங்கரேஸ்வரி கன்னத்தைத் தகரத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். போன கார்த்திகைக்குப் பிறகு நிம்மதியாக அழுதது அன்றுதான். கண் சொக்கியது. தூங்கிவிட்டாள்.

மணம் மாறித்தான் விழித்தாள். இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்த வாடை. கன்னம் எரிந்தது.

உள்ளே உதை. முன்போல இல்லை. படபடவென்று.

"சுடுதும்மா."

கொக்கியில் கை வைத்தாள். தோல் ஒட்டிக்கொண்டது. முந்தானையைச் சுற்றி இழுத்தாள். வரவில்லை. அலமாரிக் கொக்கி சூட்டில் இறுகிப்போயிருந்தது.

"சுடுதும்மா. திறம்மா."

பிளக்கைப் பிடுங்கினாள். டிரான்ஸ்பார்மர் உறுமல் நின்றது. மெஷின் நிற்கவில்லை.

ஓடியது. உதைத்தது. அலறியது. அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இழுத்தாள். இழுத்தாள். கொக்கி தெறித்தது.

கதவு திறந்தது. உருளை நின்றது.

விரிப்புகளை வாரித் தரையில் போட்டாள். ஒன்று, இன்னொன்று, எல்லாம். உள்ளே ஒன்றுமில்லை. கதவின் உட்பக்கம்தான் இருந்தது. பச்சைப் பெயின்ட் மேல் பழுப்பு நிறத்தில் விரல் தடங்கள். சின்ன விரல்கள். பத்து அல்ல. கதவு முழுக்க.

அவளுக்குப் பின்னால் தண்ணீர் விழுந்தது.

துவைக்கும் மெஷின். குழாயை அவள் திறக்கவில்லை. அது நிரம்பி, மூடி தூக்கி, விளிம்பு வழிந்து, தரையில் கிடந்த விரிப்புகளையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தது. ஆற்றுத்தண்ணி வாடை. பாசி வாடை. மூடியைத் தூக்கினாள்.

மஞ்சள் பாவாடை. நடுத்தூணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிடந்தது.

இரண்டு கையாலும் தூக்கினாள். பாவாடைக் கனம் அல்ல. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல்வரை தோளில் சுமந்த கனம். மார்போடு அணைத்தாள். குளிர் எலும்பில் இறங்கியது. எவ்வளவு இறுக்கி அணைத்தும் அவள் உடம்புச் சூடு அதற்குப் போதவில்லை. கழுத்தடியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"குளிருதும்மா. பொத்தி விடும்மா."

சுற்றிலும் பார்த்தாள். கொடியில் ஈரம். கூடையில் ஈரம். தரையெல்லாம் ஈரம். அவள் சேலையும் ஈரம். கரண்டே இல்லாத மெஷின் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கம்பிச்சுருள் சிவக்க, மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"இரு தாயி," என்று பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, தண்ணீரில் கால் வழுக்க, சங்கரேஸ்வரி அதை நோக்கி நடந்தாள். அந்த வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான் இருந்தது.