உள்ளே இருப்பவர்கள்: இரண்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையின் மாடியில் கணினிப் பிரிவு லோகேஷின் கணினி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் திரை ‘உள்ளே இருப்பவர்கள்: 2’ என்று காட்டியது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைத் தேடிப் பிடித்து இறக்கிப் பார்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். நேற்று அகப்பட்ட இந்தக் கருவி, அலுவலகத்தில் யார் எந்த இருக்கையில் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும். முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது இராமகிருஷ்ணன், இருக்கை 14.

இராமகிருஷ்ணன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அதிகாரி. செத்து எட்டு மாதம் ஆகிறது. லாகின் மட்டும் சாகவில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் ஒப்புதல் எல்லாம் அவர் பெயரில்தான் போக வேண்டும், புதுப் பெயரைப் பதிய மாதக்கணக்காகும் என்று, ஆளாளுக்கு அவராக நுழைந்து ஒப்புதல் தந்துகொண்டிருந்தார்கள். கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்தவன் லோகேஷ்தான். ஒரு படம் மாட்டி மாலை போடக்கூட யாருக்கும் தோன்றாத கம்பெனி அது.

நாளை வாடிக்கையாளர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். “அந்தச் செத்தவர் லாகின இன்னைக்கே அழிச்சிடுங்க,” என்று மேலாளர் வனஜா காலையில் போனில் சொல்லியிருந்தார். “அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா உங்க வேலைதான் போகும்.”

லோகேஷ் அந்தப் பெயரை வெளியேற்றினான். மறுபடியும் வந்தது. இருக்கை 11.

வாசலில் இருக்கும் காவலாளி எத்திராஜுக்குப் போன் போட்டான்.

“அண்ணாத்தே, மேல வேற யார்னா வந்துகிறாங்களா?”

“யாரும் வர்ல நைனா. நீ ஒர்த்தன்தான் கீற.”

எழுந்து பதினொன்றாவது இருக்கைக்குப் போய்ப் பார்த்தான். கணினியின் வயர் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. சாத்திய ஜன்னல்களுக்குள் வெயிலின் புழுக்கமும், இயந்திர எண்ணெய் வாடையும், அவற்றுக்கு அடியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரும் மருந்து நெடியும் கலந்து அவன் மூக்கில் ஏறின. ஓடாத குறையாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான். இருக்கை 8.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகம். எட்டு மாதத்துக்கு முன், இராமகிருஷ்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில், ஒரு ஒப்புதல் அவசரம். அவர் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண் இல்லாமல் அப்போது அது போகாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே போன் போட்டான். நர்ஸ் திட்டிக்கொண்டே போனை அவரிடம் தந்தாள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, மூச்சு வாங்க வாங்க, அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்,” என்றான் இவன். அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார். மறுநாளே அந்த எண் கேட்கும் ஏற்பாட்டை லோகேஷ் எடுத்துவிட்டான்.

இருக்கை 5.

அவனுடையது நான்கு.

‘நிரந்தரமாக அழி’ என்பதை அழுத்தினான். திரை கேட்டது: ஆறு இலக்க எண்ணைத் தரவும்.

கேட்கக் கூடாது. அதை அவன் எடுத்தாகிவிட்டது.

அறைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். ஈரமான மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அவன் திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை.

“நாலு…”

மெல்லிய குரல். விரல் தானாக அழுத்தியது.

“ஏழு… தம்பி… ரெண்டு…”

மிக அருகில்.

“இப்ப… சத்தமா… கேக்குதா?”

காற்று உள்ளே போகவில்லை. எதிரே திரையின் கறுப்பு ஓரத்தில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் யாரும் இல்லை. அவனுடைய உதடுகள்தான் அசைந்துகொண்டிருந்தன.

“ஒன்பது…”