தென்கரையில் நிற்கிறவர்கள்

ரிசீவரை எடுத்து ஒற்றியதும் பிரகதாம்பாளுக்குக் காது நனைந்தது.

கூரைதான் ஒழுகுகிறது, வேறென்ன என்று அண்ணாந்து பார்த்தாள். அந்த ஒன்றிய ஆபீஸின் ஓட்டுக்கூரையில் ஒழுகாத இடமே இல்லை, அதற்கெல்லாம் வாளியும் தகர டப்பாவும் வைத்து அவை காலையிலிருந்து டொக் டொக்கென்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தன, ஆனால் ஃபோன் இருந்த மேஜைக்கு மேலே மட்டும் ஓடு பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. முந்தானையால் ரிசீவரைத் துடைத்தாள். முந்தானையில் செம்மண் கலங்கல் ஏறியது, நடவு வயலில் காலை வைத்ததும் கிளம்புமே, அந்தச் சேற்று வாடை அடித்தது.

"ஹலோ, வெள்ளக் கட்டுப்பாட்டு அறை."

பேச்சில்லை. தூரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

வைத்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ஃபோனில் சுழற்றுகிற வட்டு கிடையாது. எந்த ஊரிலிருந்து யார் பேசினாலும் டவுன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஹமீதா பானு முதலில் வந்து, "பிரகதா, இந்தா பேசு" என்று கூத்தாநல்லூர் இழுவையோடு சொல்லித்தான் கொடுப்பாள். இந்தத் தடவை ஹமீதாவின் குரலே வரவில்லை.

மணி மத்தியானம்தான். ஆனால் கார்த்திகை அடைமழை ஊரையே மூடிப்போட்டிருந்தது, கரண்டும் போய்விட்டதால் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி வைத்திருந்தாள். மழைக்காலம் வந்தால் ஃபோன் பக்கத்தில் உட்காருவது அவளுக்கு விழுந்த வேலை. எந்த ஊரிலிருந்து கரை பலவீனம் என்று தகவல் வந்தாலும் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய லாரியை அங்கே அனுப்ப வேண்டும். இருப்பதோ ஒரே லாரி. கலெக்டர் கூட்டத்துக்கு நாகப்பட்டினம் போன ஆபீசர், ரோடு அறுத்துக்கொண்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். லாரி எந்தக் கரைக்குப் போவது என்கிற முடிவு இன்றைக்கு இந்த ஜூனியர் அசிஸ்டென்ட் தலையில் வந்து விழுந்திருந்தது.

காலையில் முதலில் பேசியது வீரையன்தான். தென்கரை விவசாயக் கூலிகளின் தெருவிலிருந்து போஸ்டாபீசுக்கு ஓடி வந்து, மூச்சு வாங்கப் பேசினான்.

"அம்மா, நண்டு வளை வழியா கரை கசியுதுங்க. இப்ப கட்டைவிரல் மொத்தம்தான். மூட்டை வந்துட்டா அடைச்சிடலாம். வரலைன்னா தெருவே போயிடுங்கம்மா."

"லாரி அனுப்புறேன் வீரையன். ஆளுங்களை நிறுத்துங்க" என்றாள். அப்போது உண்மையாகத்தான் சொன்னாள்.

ஆள் நிறுத்துவது என்றால் அந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கரை இளகுகிற இடத்தில் ஆண்கள் தண்ணீருக்குள் இறங்கித் தோளோடு தோள் ஒட்டி, முழங்கையோடு முழங்கை கோத்து, முதுகை ஆற்றுக்குக் கொடுத்து நிற்பார்கள். பெண்கள் கரைப் பக்கமிருந்து வைக்கோலும் சேறுமாக வாரி அப்புவார்கள். மூட்டை வருகிறவரைக்கும் அந்த உடம்புகள்தான் கரை.

லாரி டிரைவர் மருதையன் வண்டியைக் கிளப்புவதற்குள் அடுத்த ஃபோன். வடகரை மிராசுதார் ரெங்கசாமி.

"ஏம்மா பிரகதா, லாரியைத் தென்கரைக்கா அனுப்புறே? அவனுங்க சங்கத்துக்காரனுங்க. கூலியில அரைப்படி கூடக் கேட்டுக் குறுவை அறுப்பையே நிறுத்தினவனுங்க. லாரியை அங்க இழுத்துட்டு நம்ம கரையை வெட்டிவிடப் பார்க்கிறானுங்க. உன் வீடும் இந்தக் கரைலதானே? பொண்ணு உங்க மாமியார்கிட்டத்தானே இருக்கு?"

ஒரு கரை உடைந்தால் எதிர்க்கரை பிழைக்கும். அதனாலேயே வெள்ளம் வந்தால் மண்வெட்டியோடு வந்துவிடுவான்கள் என்று இரண்டு பக்கமும் காவல் போடுவார்கள். கூலித் தகராறும் கேஸும் வந்த பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்கு. ஆனால் வீரையன் கரையை வெட்டுவான் என்று பிரகதாம்பாள் நம்பினாளா? நம்பவில்லை. நம்பியதாக வைத்துக்கொண்டாள். புருஷன் சிங்கப்பூரில், பிள்ளை வடகரையில். அவள் வேறென்ன செய்வாள்? வாசலுக்கு ஓடி, "மருதையா, வடகரைக்குப் போ" என்று கத்தினாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வீரையன் மறுபடியும் பேசினான். "ஆளுங்க இறங்கியாச்சுங்கம்மா. லாரி கெளம்பிடுச்சுங்களா?"

லாரி வராது, பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதைச் சொன்னால் ஏன் வராது என்று கேட்பான், நாளைக்குச் சங்கம் ஆபீஸ் வாசலில் கொடியோடு வந்து உட்காரும்.

"வந்துக்கிட்டிருக்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவை சொன்னாள். கடைசியாகப் பேசியபோது அவனுக்குப் பல் தந்தியடித்தது. "சரிங்கம்மா, நானும் போய் இறங்கிடுறேன். ஓடிடலாம்னு நாலு பேரு சொன்னானுங்க. ஆபீஸ்ல அம்மாவே சொல்லிட்டாங்க, நில்லுங்கடான்னுட்டேன்."

அதற்கப்புறம் வந்ததுதான் அந்த நனைந்த ஃபோன்.

பிரகதாம்பாள் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாள். "ஹமீதா, இப்ப எனக்கு யாரோட லைன் குடுத்தே?"

"நான் ஒண்ணும் குடுக்கலையேடி. தென்கரை லைனு செத்து ரொம்ப நேரமாச்சு. கம்பமே சாஞ்சிருக்கும்போல. ஏன், குரல் என்னவோ மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று அதற்கும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலமாகும்போது ஒழுக்குச் சத்தம் நின்றிருந்தது. மழை வெளியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது, வாளிகள் மட்டும் சொட்டு வாங்கவில்லை, அந்த அமைதியில் விளக்குத் திரி படபடப்பதும் ஓடுகளுக்கு மேலே காற்று இழுத்துக்கொண்டு போவதும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது. ஃபோன் அடித்தது. ரிசீவரிலிருந்து தண்ணீர் மணிக்கட்டு வழியாக ரவிக்கைக் கைக்குள் இறங்கியது.

"அம்மா, லாரி எங்க வருதுங்க?"

வீரையன்! அவளுக்கு உயிர் வந்தது. இருக்கிறான், பேசுகிறான், ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாற்றிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாய் தன்பாட்டுக்கு, "வந்துக்கிட்டிருக்கு வீரையன்" என்றது.

"சரிங்கம்மா. நிக்கிறோம்."

வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மருதையன். தொப்பலாக நனைந்து, தலையிலிருந்த சாக்கை உதறக்கூட இல்லாமல் நின்றிருந்தான்.

"தென்கரை போயிடுச்சுக்கா."

"எப்ப?"

"உச்சி வேளையிலேயே. வீரையன், செல்லதுரை, நின்ன அத்தனை பேரும். கொஞ்சம் பேரு கீழ மதகுகிட்ட ஒதுங்கியிருக்கானுங்க. கோத்த கை கோத்தபடியே இருக்குதாம். பிரிக்க முடியலையாம்க்கா." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "லாரி வருதுன்னு யாரோ சொன்னாங்களாம். எந்தப் பாவி சொன்னானோ."

இப்போதுதானே பேசினான், இப்போதுதானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நம்ம கரைக்கு ஒண்ணுமில்ல. அங்க உடைஞ்சதும் இங்க தண்ணி மளமளன்னு இறங்கிடுச்சு. உங்க பொண்ணு நல்லாருக்கு, பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. முதலில் வந்தது அதுதான். சீ, நானும் ஒரு மனுஷியா என்று அடுத்த நொடியே உடம்பெல்லாம் கூசியது.

பள்ளிக்கூட மாடியில் பெண்டு பிள்ளைகள் மாட்டியிருக்கிறார்கள், கட்டுமரம் கிடைக்குமா பார்க்கிறேன் என்று மருதையன் ஓடினான். லாரிச் சத்தம் தேய்ந்தது. பொழுது சாய்கிற நேரம், ஜன்னலில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது.

எடுக்கக் கூடாது. எடுக்கவே கூடாது. அடித்துக்கொண்டே இருந்தது. மேஜை விளிம்பில் தண்ணீர் வழிந்து தரைக்கு இறங்கியது.

எடுத்தாள்.

"அம்மா, குளிருதுங்க. லாரி..."

"வராது." அவள் அழுதாள். "வராது வீரையா. அப்பவே வடகரைக்கு அனுப்பிட்டேன். என் பொண்ணு அங்க இருக்கா. நான் பொய் சொன்னேன். போதும், நீங்க யாரும் நிக்க வேணாம். கெளம்பிடுங்க."

யாரிடமோ சொல்கிற மாதிரி அவன் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. லாரி வராதாம்டா. பல குரல்கள் முணுமுணுத்தன. கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சரிங்கம்மா" என்றான். "அப்ப நாங்க அங்க வர்றோங்க."

லைன் செத்தது.

தாழ்வாரத்தில் சத்தம். ஈரக் கால்கள். நிறைய. ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் வைக்கிற கால்கள். சதக். சதக்.

விளக்கை உயர்த்தினாள்.

வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள். தோளோடு தோள். முழங்கை கோத்து. மார்பு வரை சேறு. மூக்கிலும் வாயிலும் சேறு. முதுகுக்குப் பின்னால் தண்ணீர். நிலைப்படி வரைக்கும், செங்குத்தாக, பழுப்பாக. வைக்கோல் சுற்றியது அதற்குள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் வீரையன். அவனுக்கு இடது பக்கம் மட்டும் ஒரு சந்து. அதன் வழியாகத் தண்ணீர் நூலாக ஒழுகியது. நூல் கயிறானது.

கண்ணில் குற்றம் சொல்கிற பார்வையே இல்லை. எப்போதும் ஆபீஸ் வாசலில் நிற்கிற அதே மரியாதையோடு நின்றான். முழங்கையை மடக்கி அவள் பக்கம் நீட்டினான்.

"சீக்கிரம் வாங்கம்மா. ஒரு ஆளு குறையுது."